எட்டிலிருந்து மூன்றுக்கு

பேராசிரியர் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"முதல் ரிஃப்ளெக்ஷன்ல பத்துக்கு நாலு போட்டுக்கங்க. கடைசில ஒம்பது. நடுவுல ஏறுற மாதிரி பாத்துப் போட்டுக்கங்க. பத்து மட்டும் யாரும் போடாதீங்க. திமிருன்னு நெனைப்பாங்க."

அவர் எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் பி.எட். மாணவர்கள் நான்கு பேர். சிதம்பரத்துக்கு வெளியே வயல்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு சுயநிதிக் கல்லூரியிலிருந்து, கடலூரில் எங்கள் பள்ளிக்குப் பயிற்சிக்காக அனுப்பப்பட்டிருந்தார்கள். நான் அங்கே சமூக அறிவியல் ஆசிரியை. நால்வருக்கும் என்னை வழிகாட்டி ஆசிரியராகப் போட்டிருந்தார்கள். ஆசிரியராவதற்கு முன் சில வருடங்கள் ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்துக்குச் செய்தி எழுதியிருக்கிறேன். விழா தொடங்கும் முன்பே "விழா சிறப்பாக நடைபெற்றது" என்று தட்டச்சு செய்த தாளைக் கையில் திணிப்பவர்களை அப்போது நிறையப் பார்த்தேன். பேராசிரியர் பேசப் பேச, அந்த வேலையை நான் விட்டு வரவே இல்லை என்று தோன்றியது.

ஏற்பாடு இதுதான். பயிற்சிக் காலத்தில் ஐந்து சனிக்கிழமைகளில் நால்வரும் என் முன்னால் உட்கார வேண்டும். நடத்திய பாடங்களைத் தாங்களே திரும்பிப் பார்க்க வேண்டும். ஒரு பலம், ஒரு பலவீனம் சொல்ல வேண்டும். தனக்குத் தானே பத்துக்கு ஒரு மதிப்பெண் போட்டுக்கொள்ள வேண்டும். அந்த ஐந்து மதிப்பெண்களையும் ஒரு சார்ட்டில் கோடாக வரைந்து, கடைசியில் கல்லூரியில் வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன் நின்று விளக்க வேண்டும். கோடு மேலே போனால் முன்னேற்றம். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை.

யோசனை மோசமானதல்ல. தான் நடத்திய பாடத்தைத் தானே ஒருமுறை சந்தேகத்தோடு பார்க்கும் ஆசிரியர், அதைச் செய்யாத ஆசிரியரைவிட மேல். எங்கள் ஆசிரியர் அறையில் அப்படிப் பார்த்தவர் யாரையும் எனக்குத் தெரியாது. ஆனால் அந்த யோசனை எந்தக் கைகள் வழியாகக் கடலூர் வந்து சேர்ந்தது என்பதைப் பேராசிரியரைப் பார்த்தால் தெரிந்துவிடும். மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா, பேச்சுக்கு நடுவே கைப்பேசியைக் கவிழ்த்துவைத்து மறுபடி நிமிர்த்திப் பார்ப்பது. 'ரிஃப்ளெக்ஷன்' என்ற சொல்லை ஒரு பூச்சிமருந்தின் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னார். எந்த அளவில் தெளிக்க வேண்டும், எத்தனை நாளில் பலன் தெரியும் என்பது மட்டும்தான் அவர் கவலை.

"பலவீனம்னு ஒண்ணு சொல்லணும். ஆனா அடுத்த தபா சரியாயிடுற பலவீனமா இருக்கணும்."

"எக்ஸாம்பிள் சொல்லுங்க சார்," என்றான் நால்வரில் ஒருவன்.

"குரல் கம்மி. போர்டுல எழுத்து கோணல். டைம் பத்தல. கடைசி பெஞ்சைப் பாக்கல. டீச்சிங் எய்டு சின்னதாப் போச்சு. இதுல எதுனா வச்சுக்கங்க. 'எனக்கு சப்ஜெக்ட் தெரியல'ன்னு எவனாவது உண்மைய எழுதி வச்சுடாதீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அன்று அந்த அறையில் சொல்லப்பட்ட ஒரே நேர்மையான வாக்கியம் அதுதான்.

எங்கள் பள்ளியையும் விட்டுவைக்க வேண்டியதில்லை. பயிற்சி மாணவர்கள் வந்துவிட்டார்கள் என்றால் ஆசிரியர் அறையில் ஒரு மலர்ச்சி வரும். தலைமையாசிரியர் அன்றே விடுப்பில் இருப்பவர்களின் வகுப்புகளைப் பிரித்துக் கொடுத்துவிடுவார். கணக்கு ஆசிரியர் திருத்தாத விடைத்தாள் கட்டை அவிழ்ப்பார். ஆன்லைனில் ஏற்ற வேண்டிய விவரங்களெல்லாம் அவர்கள் கைப்பேசிக்கு மாறும். "ட்ரெய்னிங் மிஸ், அந்த மூணாவது பீரியட கொஞ்சம் பாத்துக்கம்மா" என்பதுதான் எங்கள் வழிகாட்டுதலின் மொத்தச் சாரம். பருவம் முடியும்போது அவர்கள் எங்களுக்கு ஆளுக்கு ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கித் தருவார்கள். பள்ளியில் இப்போது வகுப்பறைகளைவிடக் கடிகாரங்கள் ஜாஸ்தி.

நால்வரில் இரண்டு பேரைப் பற்றி மட்டும் சொன்னால் போதும்.

ஒருவன் குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக்காரன். அவனுக்கு இயற்கையாகவே ஒலிபெருக்கி தேவையில்லாத குரல். ஊரில் கபடிப் போட்டி நடந்தால் மைக் பிடிப்பவன் அவன்தான். முதல் நாள் பிரார்த்தனைக் கூட்டத்தில் அவன் "வணக்கம்" சொன்னதும் முன்வரிசையில் நின்ற ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஓரடி பின்வாங்கினார்கள். அப்படிப்பட்டவன் வகுப்புக்குள் போனதும் கிசுகிசுத்தான். நான் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். உதடு அசைகிறது, கை அசைகிறது, எதுவும் கேட்கவில்லை. நிலக்கடலைத் தோலை ஊதுகிற மாதிரி காற்று மட்டும் வந்தது. ஒருவாரம் அப்படியே நடத்தினான். பிள்ளைகள் முதலில் பயந்தார்கள், பிறகு இரக்கப்பட்டார்கள். ஒரு பெண் இருமல் மிட்டாய் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "சார், எங்க அம்மாவுக்கும் இப்படித்தான் தொண்டை கட்டிக்கிச்சு, மிளகு கஷாயம் குடிச்சா உட்டுடும் சார்" என்றான் இன்னொருவன்.

அவனைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன்.

"உடம்பு நல்லாத்தான் இருக்கு மேம்," என்றான், அந்தத் தாழ்வாரமே அதிரும் குரலில். "குரல் கம்மின்னு எடுத்திருக்கேன் மேம். ஃபர்ஸ்ட் சனிக்கெழம முடிஞ்சதும் ஏத்திக்குவேன்."

"அதுவரைக்கும் பசங்க?"

"அதுக்கப்புறம் திருப்பி நடத்திடுவேன் மேம்," என்றான். அவன் முகத்தில் கள்ளமே இல்லை. முன்னேற்றம் காட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். முன்னேறுவதற்கு முதலில் பின்தங்கியிருக்க வேண்டும். இல்லாத குறையை உண்டாக்க ஒருவாரம் உழைத்தான். இன்னொருத்தி தன் அச்சுப் போன்ற கையெழுத்தை வேண்டுமென்றே கரும்பலகையில் சரித்து எழுதிக்கொண்டிருந்தாள். சரிவு ஒரே சீராக இருந்தது. அதிலும் பழக்கம் தெரிந்தது.

சொல்ல வேண்டிய மற்றவள் தேவனாம்பட்டினத்துப் பெண். நால்வரில் வயதில் மூத்தவள். பட்டப்படிப்பு முடித்து, கடலூரில் ஒரு துணிக்கடையில் சில வருடங்கள் பில் போட்டுவிட்டு, வீட்டில் இரண்டு வருடம் அவகாசம் கேட்டு பி.எட். சேர்ந்தவள். அந்த இரண்டு வருடம் முடியும் தறுவாயில் இருந்தது. குறிஞ்சிப்பாடியில் ஒரு தனியார் பள்ளியில் ஜூனில் சேரச் சொல்லியிருந்தார்கள். பயிற்சி முடித்த சான்று இல்லாமல் வர வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார்கள். இவ்வளவையும் முதல் வாரமே என்னிடம் சொல்லிவிட்டாள், ஏதோ ரேஷன் கடை நேரத்தைச் சொல்வதுபோல. அனுதாபம் கேட்டுச் சொல்லவில்லை.

முதல் சனிக்கிழமை மற்ற மூவரும் நான்கு, நான்கு, நான்கு என்று போட்டுக்கொண்டார்கள். இவள் எட்டு போட்டாள்.

"எட்டா?" என்றேன்.

"நல்லா நடத்துனேன் மேம். பசங்க நல்லா பதில் சொன்னாங்க. எதுக்கு நாலு?"

அவள் சொன்னது சரி. நானும் பின்னால் உட்கார்ந்து பார்த்திருந்தேன். பாடம் தெளிவாக இருந்தது. ஏழாம் வகுப்புக்கு வரைபடம் வாசிப்பது பற்றிய பாடம். "புரிஞ்சுதா?" என்று கேட்டாள். "புரிஞ்சுது மிஸ்" என்று கூரை அதிர்ந்தது. அந்த ஒலிக்கு எட்டு போடலாம்.

இரண்டாம் சனிக்கிழமை ஏழு போட்டாள். என்ன நடந்தது என்றேன். "புரிஞ்சுதுன்னு சொன்ன ஒரு பொண்ண எழுப்பி, என்ன புரிஞ்சுதுன்னு கேட்டேன் மேம். அதுக்கும் 'புரிஞ்சுது மிஸ்'னு சொல்லுது. மறுபடி கேட்டேன். அழுவுது."

மூன்றாவதில் ஆறு. தான் கேள்வி கேட்பதெல்லாம் முன்பெஞ்சில் இருக்கும் அதே மூன்று பேரிடம்தான் என்று கண்டுபிடித்திருந்தாள். யாரும் அவளிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நான்காவதில் ஐந்து. அந்த மூவரை விட்டு மற்றவர்களைக் கேட்கத் தொடங்கியதும் பாடம் நகரவில்லை, ஒரு பீரியடில் முடிய வேண்டியது மூன்றுக்கு இழுத்தது என்றாள். "டைம் பத்தலன்னு எழுதிக்கட்டுமா மேம்?" என்று கேட்டுவிட்டு, தானே "அது இல்ல" என்று தலையாட்டிக்கொண்டாள்.

பக்கத்தில் குறிஞ்சிப்பாடிக்காரன் தன் கணக்கில் ஏழை எட்டாக்கிக்கொண்டிருந்தான். "என்னாக்கா நீ, ஊரே ஏறுது, நீ மட்டும் எறங்கிட்டே போற?" என்றான். "எங்கயோ தப்பு பண்ற."

"பண்றேன்டா. அதைத்தான் சொல்லிட்டிருக்கேன்."

ஐந்தாவது சனிக்கிழமைக்கு முந்தைய வாரம் அந்த வகுப்பில் நான் இருந்தேன். கடலூர் மாவட்ட வரைபடம் சுவரில் மாட்டியிருந்தது. அவள் அதை விட்டு விலகிப் போய் ஜன்னலோரம் நின்றுகொண்டு, "எல்லாரும் எந்திரிங்க. வடக்கு எந்தப் பக்கம்? கைய நீட்டிக் காட்டுங்க" என்றாள்.

வகுப்பில் பாதிக்கு மேல் மின்விசிறியைக் காட்டினார்கள்.

சிரிப்பு வரவில்லை. பிள்ளைகள் நிச்சயத்தோடு காட்டினார்கள், விரல் விறைப்பாக மேலே நின்றது. அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். "மேல வடக்கு, கீழ தெற்கு" என்று முதல் வாரம் குச்சியால் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். நானும் இத்தனை வருடங்களாக அப்படித்தான் சொல்லிவருகிறேன். எங்கள் பாடப்புத்தகமும் அப்படித்தான். பிள்ளைகள் சொன்னபடி கேட்டிருக்கிறார்கள்.

அவள் வரைபடத்தைக் கழற்றினாள். எல்லோரையும் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போய்த் தரையில் விரித்தாள். "கடல் எந்தப் பக்கம்?" என்றாள். கடலூரில் அந்தக் கேள்வி தவறவே முடியாது. அத்தனை கையும் ஒரே பக்கம் நீண்டது. "படத்துல கடல் எங்க இருக்கு?" நீல நிறத்தைத் தொட்டார்கள். "அப்ப இந்த நீலத்த அந்தக் கடல் பக்கம் திருப்புங்க." நாலைந்து பேர் மண்டியிட்டுத் தாளை இழுத்துத் திருப்பினார்கள். "இப்ப பாண்டி பஸ்ஸு எந்தப் பக்கம் போவும்?" அதுவும் தெரிந்தது. "அதான் வடக்கு." படத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவன் எழுத்தெல்லாம் தலைகீழாக இருக்கிறதென்று கத்தினான். "நீ பாண்டிச்சேரில ஒக்காந்திருக்க, அதான்" என்றாள் ஒரு சிறுமி. பெரிய சண்டையானது. நான் அந்தப் பள்ளியில் பார்த்த நல்ல பாடங்களில் அது ஒன்று. அதைப் பார்த்த இன்னொரு பெரியவர் தலைமையாசிரியர். தாழ்வாரத்தில் சத்தம் ஏன் என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்தச் சனிக்கிழமை அவள் தனக்கு மூன்று போட்டாள்.

"மூணா? அந்தக் கிளாஸுக்கா?"

"மறுநாள் படத்த மறுபடி சுவத்துல மாட்டுனேன் மேம். வடக்கு எங்கன்னு கேட்டேன். திருப்பி ஃபேனைக் காட்டுறாங்க. பாதிப் பேரு. தரையில இருந்தா தெரியுது, சுவத்துக்குப் போனா தெரியல. அத எப்படித் தாண்டுறதுன்னு எனக்குத் தெரியல."

அவள் சார்ட்டில் குறித்த மூன்றுக்குப் பக்கத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். அதற்கு முந்தைய நான்கிலும் போட்டிருந்தேன். மற்றவர்களுடையதில் போட்டதைப் போலவே.

அடுத்த வாரம் பேராசிரியர் சார்ட்டுகளைப் பார்க்க வந்தார். ஆசிரியர் அறை மேசையில் நான்கையும் விரித்துவைத்தோம். மூன்று கோடுகள் ஒரே கையால் வரைந்தவைபோல இடதுகீழிருந்து வலதுமேலுக்கு ஏறின. ஓரங்களில் ஸ்கெட்ச் பேனாவில் பூ, சம்கி. நான்காவதை அவர் இருமுறை பார்த்தார்.

"என்னா மேடம் இது, சறுக்கு மரம் மாதிரி இருக்கு?"

நான் விளக்கினேன். மின்விசிறியைப் பற்றிச் சொன்னேன், தரையில் விரித்த படத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். முட்டாள் அல்ல அவர். அதுதான் எரிச்சல்.

"இந்த நாலு பேர்ல முன்னேறினது இவ ஒருத்திதான் சார்," என்றேன்.

"தெரியுது மேடம். ஆனா காட்ட முடியலையே." கைப்பேசியை நிமிர்த்திப் பார்த்தார். "கோடு எறங்குது. எறங்குற கோட்டுக்குக் கீழ 'பயிற்சி திருப்திகரமாக நிறைவு'ன்னு நான் எப்படி எழுதுறது? வெளிய இருந்து வர்றவர் என்னைத்தான் கேப்பாரு. திருப்தி இல்லன்னா அடுத்த வருஷம் ஜூனியர்ஸோட மறுபடி பண்ணணும். வேற வழி இல்ல."

தேவனாம்பட்டினத்துப் பெண் கதவோரம் நின்றிருந்தாள். "ஜூன்ல ஸ்கூல்ல சேரணும் சார்," என்றாள். "வீட்ல இன்னொரு வருஷம்லாம் கேக்க முடியாது."

"அப்ப மாத்திடும்மா. நாலுல ஆரம்பி. வேற சார்ட் வாங்கி ராத்திரிக்குள்ள வரைஞ்சுடு."

"அஞ்சுலயும் மேம் கையெழுத்துப் போட்டிருக்காங்க சார்."

"மேடம் புதுசாப் போட்டுத் தருவாங்க."

"போட மாட்டேன்," என்றேன்.

மேசையின் அந்தப் பக்கம் குறிஞ்சிப்பாடிக்காரன் தலையைச் சாய்த்து அந்த நான்காவது சார்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உண்மையிலேயே உதவி செய்ய நினைத்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"சார், கோட்டுல கை வைக்க வேணாம்," என்றான். "இந்தப் பக்கம் 'மதிப்பெண்'னு எழுதியிருக்குல்ல, அதுல 'குறைகள்'னு ஒட்டிட்டா?"

பேராசிரியர் சார்ட்டைக் கையில் எடுத்தார். உதடு அசைந்தது. எட்டு குறை, ஏழு குறை, ஆறு, ஐந்து, மூன்று குறை. அவர் முகத்தில் அதுவரை நான் பார்க்காத ஒரு வெளிச்சம் வந்தது. எழுந்து அவன் முதுகில் ஒரு தட்டு தட்டினார்.

"பாத்தீங்களா மேடம். இதான் ரிஃப்ளெக்ஷன்."

வெள்ளைத்தாளில் ஒரு துண்டு கிழித்தார்கள். கோந்து தலைமையாசிரியர் மேசையிலிருந்து வந்தது. 'குறைகள்' என்று எழுதியது சரிவாக எழுதிப் பழகியவள், இப்போது நேராக. ஒரு கோடும் மாறவில்லை, ஒரு எண்ணும் மாறவில்லை. என் கையெழுத்து ஐந்து இடத்தில் அப்படியே இருந்தது.

"நான் கையெழுத்துப் போட்டது இதுக்கில்ல," என்றேன்.

"நீங்க எதையும் மாத்தல மேடம், நாங்களும் மாத்தல," என்றார் பேராசிரியர். சட்டப்படி அவர் சொன்னது கிட்டத்தட்ட உண்மை. செய்தித்தாளில் இருந்தபோது இந்த வகை உண்மையோடு நிறையப் பழகியிருக்கிறேன்.

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் ஒருவார்த்தை சொல்லியிருந்தால் கல்லூரி முதல்வருக்கு எழுதியிருப்பேன். எனக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை. நஷ்டம் அவளுக்கு மட்டும்தான், அது அவளுக்கும் தெரியும்.

"உடுங்க மேம்," என்றாள். "காயட்டும், சுருட்டி எடுத்துட்டுப் போயிடறேன்."

தேர்வு நாளன்று வழிகாட்டி ஆசிரியர்களும் கல்லூரிக்கு வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். காலையில் கடலூரிலிருந்து பேருந்து ஏறினேன். ஊரைத் தாண்டி ரசாயன ஆலைகள் இருக்கும் இடத்தில் யாரும் சொல்லாமலே பேருந்து முழுவதும் ஜன்னலை மூடும், நாற்றம் தாண்டியதும் திறக்கும். சிதம்பரத்தில் இறங்கி இன்னொரு பேருந்து. கல்லூரி வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள்.

வெளித் தேர்வாளர் வேறு ஊர்க் கல்லூரியிலிருந்து வந்த பெரியவர். அவருக்கு முதலில் பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு இட்லி, கொத்சு. கொத்சு நன்றாக இருந்ததா என்று மூன்று பேர் தனித்தனியே கேட்டார்கள். "சிதம்பரம் வந்துட்டு கொத்சு சாப்புடலன்னா எப்படி?" என்று அவர் மூன்று பேருக்கும் ஒரே பதிலைச் சொன்னார். அதன்பின் அரங்கத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே அவர் நாற்காலியை நகர்த்திப் போட்டதும் தேர்வு தொடங்கியது.

ஒவ்வொருவராக வந்து சார்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான்கிலிருந்து ஒன்பது. நான்கிலிருந்து ஒன்பது. பெரியவர் "குட்" என்றார், "வெரி குட்" என்றார். ஒருமுறை கண் மூடினார். குறிஞ்சிப்பாடிக்காரன் மேடையேறி, மைக்கை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, "ஆரம்பத்தில் என் குரல் கடைசி பெஞ்சுக்குக் கேட்காது ஐயா" என்று தொடங்கியபோது பெரியவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "இப்ப நல்லாக் கேக்குது," என்றார் நெஞ்சைத் தடவிக்கொண்டே. அரங்கம் கைதட்டியது. அவ்வளவு பெரிய முன்னேற்றத்தை அன்று வேறு யாரும் காட்டவில்லை.

பிறகு தேவனாம்பட்டினத்துப் பெண். இறங்கும் கோட்டைப் பார்த்ததும் பெரியவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அன்று முழுவதும் அவர் ஒழுங்காகப் படித்த ஒரே சார்ட் அதுதான் என்பது அவளுடைய துரதிர்ஷ்டம்.

"எட்டு குறை மூணாயிருக்கு. பரவால்லையே. எந்த அஞ்சு போச்சு?"

பேராசிரியர் முன்வரிசையில் நாற்காலி நுனிக்கு வந்தார். அவள் தயங்கவில்லை.

"குரல், சார். போர்டுல எழுத்து. டைம். கடைசி பெஞ்ச். டீச்சிங் எய்டு."

முதல் நாள் பேராசிரியர் சொன்ன அதே வரிசை. ஒப்பிக்கிற தொனிகூட இல்லை, யோசித்துச் சொல்வதுபோல இடைவெளி விட்டுச் சொன்னாள். எனக்கு அது நடிப்பென்று தெரிந்தும் நம்பும்படி இருந்தது. பேராசிரியர் பின்னால் சாய்ந்தார்.

"சரி. மிச்சம் மூணு?"

இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. அவள் சார்ட்டைப் பிடித்திருந்த கையைக் கொஞ்சம் தாழ்த்தினாள்.

"புரிஞ்சுதான்னு கேட்டா புரிஞ்சுதுன்னு சொல்றாங்க சார். அது நெசமா பொய்யான்னு கண்டுபிடிக்க எனக்கு இன்னும் தெரியல. பதில் தெரிஞ்ச பசங்களத்தான் கேள்வி கேக்கத் தோணுது, கண்ணு அங்கதான் போவுது. அப்புறம், வடக்கு மேல இருக்குன்னு தப்பா சொல்லிக் குடுத்துட்டேன். அத மாத்த முடியல. தரையில போட்டுக் காட்டுனா தெரியுது, சுவத்துல மாட்டுனா மறுபடி ஃபேனத்தான் காட்டுறாங்க."

அரங்கத்தில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பேராசிரியர் திரும்பி முறைத்தார். பெரியவர் கனிவாகத்தான் பேசினார்.

"பசங்க ஃபேனைக் காட்டுனா அது பசங்க குறைம்மா. அத ஏன் ஒன் தலைல போட்டுக்குற?" பேனாவை எடுத்து மதிப்பீட்டுத் தாளில் எதையோ அடித்துத் திருத்தினார். "ரெண்டுன்னு வச்சுக்கலாம். ரெண்டு குறை யாருக்குத்தான் இல்ல? எனக்கு இருக்கு, ஒங்க சாருக்கு இல்லையா?"

பெரிய சிரிப்பு. பேராசிரியர் எழுந்து நின்று சிரித்தார். அந்தக் கல்லூரியில் அந்த வருடம் இறக்கத்தில் போன ஒரே கோடு, இன்னும் ஒரு படி இறங்கி, முதல் மதிப்பெண் வாங்கியது. உண்மையைச் சொன்னால் விபரீதம் ஏதாவது நடக்கும் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். ஒன்றும் நடக்காது. அதைத் தின்று செரிக்கிற வயிறு அவர்களுக்கு இருக்கிறது. சான்று மாலைக்குள் கையெழுத்தாகிக் கையில் கொடுக்கப்பட்டது.

திரும்பும்போது அவளும் என் பேருந்தில் வந்தாள். சான்றை இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து மடியில் பிடித்துக்கொண்டிருந்தாள். வாழ்த்துச் சொன்னேன். தலையை ஆட்டினாள். பேருந்து புதுச்சத்திரம் தாண்டியது. அரங்கத்தில் எல்லோரும் சிரித்ததைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். அவள் யோசித்துக்கொண்டிருந்தது வேறு.

"குறிஞ்சிப்பாடி ஸ்கூல்ல போன் பண்ணாங்க மேம். திங்கக்கெழம சர்டிபிகேட்டோட வரணுமாம். வந்து ஒரு டெமோ கிளாஸ் எடுக்கணுமாம்."

"எந்த கிளாஸ் பசங்களுக்கு?"

"பசங்க இல்ல. கரஸ்பாண்டென்ட்டும் பிரின்சிபாலும் பெஞ்சுல ஒக்காந்துக்குவாங்களாம். அவுங்களுக்கு நடத்தணும், அவுங்கதான் பசங்க மாதிரி."

தனியார் பள்ளிகளில் அதுதான் வழக்கம். ஐம்பது வயது ஆட்கள் குட்டிப் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, "எஸ் மிஸ்" என்று கோரஸ் பாடுவார்கள். அவர்களில் யாருக்கும் அதில் வெட்கம் இருந்து நான் பார்த்ததில்லை.

"புரிஞ்சுதான்னு கேட்டா புரிஞ்சுதுன்னுதான் சொல்லுவாங்க," என்றாள். "அவுங்களுக்குப் புரியலன்னா எனக்கு எப்படி மேம் தெரியும்?"

"புரியலன்னே வச்சுக்கிட்டு நடத்து," என்றேன்.

அவள் அதை ஒரு பதிலாகவே எடுத்துக்கொண்டாள். கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, அட்டையின் மேல் தாள் வைத்து, ஆடும் பேருந்தில் திங்கட்கிழமைப் பாடத்தை எழுதத் தொடங்கினாள்.